ரவுட்டர் வாங்கும் முன் காலெட்டைக் கழற்றிப் பாருங்கள்

கடையில் போய், மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கவும் விளிம்பை உருட்டவும் உதவும் ரவுட்டர் வேண்டும் என்றால் முதலில் காதில் விழுவது வாட் கணக்கு. “இது 550 வாட், அது 1,800 வாட், கொஞ்சம் சேர்த்துப் போட்டுப் பெரியதாகவே எடுத்துக்கோங்க சார்” என்பார்கள். மோட்டாருக்கு வலு வேண்டும்தான். ஆனால் மரத்தைத் தொடுவது பிட் என்ற வெட்டும் முனை. அந்த பிட்டைக் கவ்விப் பிடித்திருப்பது கட்டைவிரல் அளவுகூட இல்லாத காலெட். அதன் அளவு, நீங்கள் இனி வாங்கப்போகும் ஒவ்வொரு பிட்டையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அதன் தரம், காடி நேராக வருமா, பிட் பாதியில் நழுவுமா என்பதை முடிவு செய்கிறது. அதனால் இங்கே காலெட்டில் தொடங்கி, வாட்டைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நம் ஊர்க் கடைகளில் ஐந்து அளவுகள் புழங்குகின்றன: 6, 6.35, 8, 12, 12.7 மி.மீ. இதில் 6.35 என்பது கால் இஞ்சு, ஆசாரிகள் கணக்கில் இரண்டு நூல். 12.7 என்பது அரை இஞ்சு, நாலு நூல். குழப்பம் இங்கேதான் நடக்கிறது. தண்டு (காலெட் கவ்வும் பகுதி) 6 மி.மீ. உள்ள பிட்டையும் கால் இஞ்சு உள்ள பிட்டையும் பக்கத்தில் வைத்தால்கூட வித்தியாசம் தெரியாது. கால் இஞ்சு தண்டு 6 மி.மீ. காலெட்டில் நுழையாது, அதனால் அதில் ஆபத்தில்லை. மாற்றிப் போட்டால்தான் வம்பு. 6 மி.மீ. தண்டு கால் இஞ்சு காலெட்டில் தாராளமாக நுழையும். நட்டை முறுக்கினால் இறுகியதுபோலவும் தோன்றும். ஆனால் அந்தக் காலெட் 0.35 மி.மீ. அளவுக்குச் சுருங்குவதற்காகக் கடையப்பட்டதல்ல. தண்டை முழு நீளத்துக்கும் தழுவாமல் ஏதோ ஒரு விளிம்பில் மட்டும் கடித்துக்கொண்டிருக்கும். தேக்கில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் பிட் இறங்கத் தொடங்கும். 12 மி.மீ. பிட்டை அரை இஞ்சு காலெட்டில் மாட்டுவது இதைவிட மோசம், இடைவெளி 0.7 மி.மீ., பிட்டும் கனமானது, பிடி விட்டால் ஆள் நிற்கும் பக்கம் பறக்கும். பிட் வாங்கும்போது அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல் தண்டை வெர்னியரில் (நுண் அளவுகோலில்) அளந்து வாங்குங்கள்.

எந்த அளவை எடுப்பது? ஒரு கணக்கைப் பார்த்தால் எளிதாக முடிவு செய்யலாம். உருண்டைக் கம்பியின் வளையாத தன்மை, விட்டத்தின் நான்காம் மடங்கில் ஏறுகிறது. கால் இஞ்சு தண்டோடு ஒப்பிட்டால் அரை இஞ்சு தண்டு 16 மடங்கு விறைப்பு. 6-லிருந்து 8 மி.மீ.க்குப் போனாலே மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. நிலைக்கதவுக்கு 40 மி.மீ. ஆழத்தில் துளை எடுக்கும்போது கால் இஞ்சு பிட் அதிர்ந்து, துளையின் சுவரில் வரிவரியாகக் கோடு போடும். அரை இஞ்சு பிட் அதே இடத்தில் வழுவழுப்பாக வெட்டும். மோட்டார் ஒன்றே என்றாலும் முடிவு வேறாகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லோரும் நிலைக்கதவு செய்வதில்லை. பிளைவுட் அலமாரி, மைக்கா ஓரம் சீவுதல், விளிம்பு உருட்டுதல், கீல் பதித்தல், 6 மி.மீ. முதுகுப் பலகைக்குக் காடி என்று போகும் வேலைகளில் பத்துக்கு எட்டு கால் இஞ்சு பிட்டில் முடிந்துவிடும். அதற்கு ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள ட்ரிம்மர் என்ற சின்ன ரவுட்டர் போதும். ஒரு கையில் பிடித்து ஓட்டலாம், பலகை விளிம்பில் சாயாது. ஐந்தாறு கிலோ எடையுள்ள பெரிய ரவுட்டரை 18 மி.மீ. பிளைவுட் விளிம்பில் நிறுத்திச் சாயாமல் ஓட்டுவது, பழகிய கைக்கே கடினம்.

என் பரிந்துரை இதுதான்: முதல் இயந்திரமாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கால் இஞ்சு ட்ரிம்மர். இரண்டாவதாக, வேலை கேட்கும்போது, அரை இஞ்சு பிளஞ்ச் ரவுட்டர், அதாவது மோட்டாரை அழுத்தி மரத்துக்குள் இறக்கும் வகை. இரண்டுக்கும் நடுவில் 8 மி.மீ. காலெட்டோடு வரும் 900 முதல் 1,300 வாட் வரையிலான இயந்திரங்கள் நல்லவைதான், ஆனால் அதற்கு பிட் தேடி அலைய வேண்டியிருக்கும். கால் இஞ்சிலும் அரை இஞ்சிலும் கிடைக்கிற வகை 8 மி.மீ.யில் கிடைக்காது. நிலை, கதவு, கட்டில் என்று தேக்கிலும் வேங்கையிலும் மட்டுமே வேலை செய்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அவர்களுக்குப் பெரியதுதான் முதல்.

ட்ரிம்மர்களில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மகிட்டா 3709 மாடல் 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று, ஒரே வேகம். பாஷ் ஜிகேஎஃப் 550 மாடல் 550 வாட், 33,000 சுற்று, அதுவும் ஒரே வேகம். மைக்கா வேலைக்கு இரண்டும் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஒரே வேகத்தில் சுற்றும் ட்ரிம்மரில் பெரிய விட்டமுள்ள பிட்டை மாட்டக் கூடாது. மகிட்டா ஆர்டி 0700 சி போன்றவற்றில் 10,000 முதல் 30,000 வரை வேகத்தைத் திருகி வைக்கலாம். பாரம் ஏறினாலும் சுற்று குறையாமல் மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்ளும். அதற்கே தனியாகப் பிளஞ்ச் பேஸ், சாய்வு பேஸ், மூலைக்குள் நுழையும் ஆஃப்செட் பேஸ் எல்லாம் கிடைக்கின்றன. விலை கூடுதல். ஆனால் பிளஞ்ச் பேஸ் மாட்டிய ட்ரிம்மர், வீட்டுப் பட்டறையில் நடுத்தர ரவுட்டர் செய்கிற வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

வேகத்தைக் குறைக்க முடிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. வெட்டும் பகுதி 6 மி.மீ. விட்டமுள்ள பிட் 24,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு விநாடிக்கு ஏழரை மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 27 கிலோமீட்டர், சைக்கிளின் வேகம். அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் விளிம்பு விநாடிக்கு 63 மீட்டர் ஓடும். மணிக்கு 226 கிலோமீட்டர். பிட்டின் கூர்முனையான கார்பைடு துண்டை தண்டோடு பிடித்துவைத்திருப்பது வெறும் பற்றவைப்பு. அந்த வேகத்தில் பற்று விட்டால் அது துப்பாக்கிக் குண்டுதான். பொதுவாக 25 மி.மீ. விட்டம் வரை 22,000 முதல் 24,000, 50 மி.மீ. வரை 18,000, 65 மி.மீ. வரை 16,000, அதற்கு மேல் 12,000 அளவில் ஓட்டலாம். பிட்டின் தண்டிலோ பெட்டியிலோ அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருந்தால் அதுவே சட்டம். அச்சிடாத பெரிய பிட்டை வாங்கவே வேண்டாம். 50 மி.மீ.யைத் தாண்டிய பிட் எதையும் கையில் பிடித்து ஓட்டக்கூடாது. அது மேசையில் மாட்டிய ரவுட்டருக்கு உரியது.

இனி கடையில் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். நல்ல நிறுவனத்தின் 6 மி.மீ. நேர் பிட் ஒன்று, ஒரு வெர்னியர், ஒரு அடி இரும்பு ஸ்கேல், ஒரு துண்டு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். காலெட் கால் இஞ்சு என்றால் கால் இஞ்சு தண்டுள்ள பிட்டைக் கொண்டுபோக வேண்டும். வெட்டும் பகுதி 6 மி.மீ.யா 6.35-ஆ என்பதை வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைச் செருகும் முன் நட்டைக் கழற்றி காலெட்டை வெளியே எடுங்கள். பக்கவாட்டில் எத்தனை வெட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு, எட்டு என்று பல வெட்டுகள் இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கும். இரண்டே வெட்டு உள்ள கட்டையான காலெட் இரண்டு பக்கம் மட்டும் கிள்ளும். விலை குறைந்த சில இயந்திரங்களில் தனிக் காலெட்டே இருக்காது. மோட்டார் தண்டின் முனையையே பிளந்து நட்டுப் போட்டிருப்பார்கள். அது தேய்ந்தால் மோட்டார் தண்டையே மாற்ற வேண்டும். அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காலெட் நட்டோடு சேர்ந்து வருகிற வகை என்றால், முதலில் காலெட்டை நட்டுக்குள் ‘டக்’கென்று அமர்த்திவிட்டுத்தான் இயந்திரத்தில் முறுக்க வேண்டும். இந்த வகை கழற்றும்போது இரண்டு கட்டமாக விடும். ஸ்பேனரால் ஒரு முறை தளர்த்தினால் நட்டு லேசாகச் சுற்றும், பிட் அசையாது. இன்னும் கொஞ்சம் சுற்றினால் மறுபடி இறுகும். அந்த இரண்டாவது இறுக்கத்தையும் தாண்டினால்தான் காலெட் கூம்பிலிருந்து வெளியே வந்து பிட்டை விடும். இது தெரியாமல் பிட்டைச் சுத்தியலால் தட்டுகிறவர்கள் நிறைய. தட்டினால் உள்ளே பேரிங்தான் கெடும்.

பிட்டைச் செருகும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். தண்டு அடியில் முட்டும்வரை உள்ளே விட்டு, பிறகு 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்து முறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது காலெட் கூம்புக்குள் இறங்கும், கூடவே பிட்டையும் கொஞ்சம் இழுக்கும். பிட் ஏற்கெனவே அடியில் முட்டியிருந்தால் இறங்க இடமிருக்காது. இறுகியதுபோல இருக்கும், ஓடியதும் தளரும். அதேபோல வெட்டும் பகுதிக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள வளைவான கழுத்து காலெட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கழுத்தைக் கவ்வினால் தண்டைக் கவ்வ முடியாது. ஆழம் போதவில்லை என்று தண்டை வெளியே இழுத்து வைத்து ஓட்டுவதும் கூடாது. கால் இஞ்சு தண்டில் 20 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். பிட் இல்லாமல் வெறும் நட்டை இறுக்கி வைக்காதீர்கள், காலெட்டின் வாய் நிரந்தரமாகச் சுருங்கிவிடும்.

இப்போது ஆட்டச் சோதனை. சுழல்கிறபோது பிட் மையத்தை விட்டு எவ்வளவு ஆடுகிறது என்பதே கேள்வி. டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) இருந்தால் காலெட்டுக்கு அருகில் தண்டில் வைத்து, கையால் சுற்றிப் பாருங்கள், 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. டயல் கேஜ் இல்லாதவர்களுக்குக் கையிலுள்ள எம்டிஎஃப் துண்டு போதும். நேரான ரீப்பர் ஒன்றைக் கிளாம்ப் போட்டு, 3 மி.மீ. ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் காடி எடுத்து, அகலத்தை வெர்னியரின் உள்முனையால் மூன்று இடத்தில் அளங்கள். 6.00 பிட்டுக்கு 6.05 வந்தால் குறை சொல்ல முடியாது. 6.15, 6.2 என்று வந்தால் காலெட்டோ மோட்டார் தண்டோ கோணல். ஆடுகிற பிட்டில் ஒரு பல் மட்டுமே வெட்டும், மற்றது சும்மா சுற்றும். காடி அகலமாகும், விளிம்பு கருகும், பேரிங் சீக்கிரம் போகும். கடைக்காரர் இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்ட மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

பிளஞ்ச் ரவுட்டரில் அடுத்து பார்க்க வேண்டியது இறங்குகிற விதம். இரண்டு தூண்களில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு மோட்டார் இறங்குகிறது. இரண்டு கைப்பிடியையும் பிடித்து அழுத்தினால் எந்த இயந்திரமும் சுகமாக இறங்கும். ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். சிக்கி, குதித்து இறங்கினால் தூணுக்கும் அது ஓடும் புஷ்ஷுக்கும் நடுவில் தளர்வு இருக்கிறது. அந்தத் தளர்வு நேராகத் துளையின் சுவரில் தெரியும். பூட்டும் நெம்பைப் போட்டுவிட்டு உடல் எடையைக் கொஞ்சம் கொடுங்கள், ஒரு மயிரிழைகூட நழுவக்கூடாது. பூட்டு எந்தக் கைக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். டிவால்ட் டிடபிள்யூ 625 போன்றவற்றில் கைப்பிடியைத் திருகினாலே பூட்டிக்கொள்ளும். அந்த அமைப்பு ஜெர்மனியின் எலு நிறுவனம் செய்த பழைய ரவுட்டர்களிலிருந்து வந்தது. மற்றப் பலவற்றில் விரலுக்கு எட்டும் தனி நெம்பு இருக்கும். எதுவானாலும் கைப்பிடியை விடாமல் பூட்டவும் நிறுத்தவும் முடிய வேண்டும். சுவிட்சுக்காக ஒரு கையை எடுக்க வேண்டிய ரவுட்டர் பெரிய பிட்டோடு ஆபத்து.

ஆழத்தை நிறுத்தும் கம்பியும், அது வந்து முட்டுகிற படிக்கட்டு வட்டும் உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இதைச் சரியாகப் பயன்படுத்தினால் ஸ்கேலே தேவையில்லை. கதவில் கீல் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிட்டின் நுனி மரத்தின் மேல்பரப்பைத் தொடும்வரை இறக்கிப் பூட்டுங்கள். கீலின் ஒரு இலையை வட்டின் தாழ்ந்த படிக்கும் ஆழக் கம்பிக்கும் நடுவில் வைத்து, கம்பியை அதன்மேல் இறக்கித் திருகை இறுக்குங்கள். கீலை எடுத்துவிட்டால் மீதியிருக்கும் இடைவெளி கீலின் கனத்துக்கு இம்மி பிசகாமல் சமம். இனி பிட் அந்த அளவுக்குத்தான் இறங்கும். கீல் 2.8 மி.மீ.யா 3.1-ஆ என்று அளக்க வேண்டிய வேலையே இல்லை. கம்பி தளர்ந்து ஆடுகிற இயந்திரத்தில் இது நடக்காது. அதனால்தான் கடையிலேயே அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

ட்ரிம்மரில் தூண் கிடையாது. அலுமினிய பேஸ் மோட்டார் உடலைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிறது. கவ்வும் நெம்பு தளர்ந்தாலோ உள்ளே மரத்தூள் படிந்தாலோ மோட்டார் மெல்லக் கீழிறங்கும். மைக்கா சீவும்போது பிட் நுனியிலுள்ள பேரிங் மைக்காவைத் தாண்டிப் போய்விட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். நெம்பைப் பூட்டிவிட்டு மோட்டாரைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. பேஸின் உட்பக்கத்தை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். எண்ணெய் போடாதீர்கள், எண்ணெய் போட்டால் பிடிக்காது.

அடித்தட்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தட்டு குழிந்திருக்கிறது. காடியின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். பிட் தட்டின் மையத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பல நல்ல இயந்திரங்களில்கூட அரை மி.மீ. தள்ளியிருக்கும். அது பெரிய குறையில்லை. தட்டின் ஒரு பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, ரீப்பரை ஒட்டி ஓட்டும்போதெல்லாம் அந்தப் புள்ளியே ரீப்பர் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் காடி வளையாது. பாதியில் கையை மாற்றி இயந்திரத்தைத் திருப்பினால்தான் படி விழும்.

டெம்ப்ளேட் (வெட்ட வேண்டிய வடிவத்தின் மாதிரிப் பலகை) வைத்து வேலை செய்வதாக இருந்தால், அதன் ஓரத்தை ஒட்டி ஓடும் கைடு புஷ் என்ற வளையம் எப்படி மாட்டுகிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். பெட்டியோடு ஒன்று வந்தாலும் மற்ற அளவுகள் நம் ஊரில் கிடைக்குமா என்பதே கேள்வி. புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவதுதான் டெம்ப்ளேட்டுக்கும் வெட்டுக்கும் உள்ள தூரம். 16 மி.மீ. புஷ்ஷில் 10 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. பெட்டியோடு வரும் ஓர வழிகாட்டி பெரும்பாலும் குட்டையாக இருக்கும். அதில் உள்ள இரண்டு துளை வழியாக 30 செ.மீ. நீளமுள்ள நேரான மரக்கட்டையைத் திருகிவிட்டால் பலகையின் தொடக்கத்திலும் முடிவிலும் இயந்திரம் உள்ளே திரும்பாது.

வாட்டுக்கு வருவோம். இங்கே உங்கள் வீட்டு வயரிங்தான் முதல் வரம்பு. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். 2,000 வாட் ரவுட்டர் முழுப் பாரத்தில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக், அதாவது பலர் வீட்டில் இன்னும் ‘பதினஞ்சு ஆம்ப்ஸ்’ என்று சொல்லும் பெரிய பிளக் வேண்டும். மகிட்டா ஆர்பி 2300 எஃப்சி மாதிரி 2,000 வாட்டைத் தாண்டிய ரவுட்டர்களை மாற்றுச் செருகி போட்டுச் சின்னப் பிளக்கில் ஓட்டினால் பிளக் உருகும். நீட்டிப்பு வயர் 1.5 சதுர மி.மீ. செம்பாவது இருக்கட்டும், சுருளாகச் சுற்றியபடியே ஓட்டாமல் முழுவதையும் விரித்துவிட்டு ஓட்டுங்கள். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கும், சுற்று குறையும், அதை ஈடுகட்ட நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், மோட்டார் சூடாகும்.

ஆயிரம் வாட்டுக்கு மேற்பட்ட எதிலும் மென்தொடக்கம் (மெல்ல வேகமெடுக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெரிய ரவுட்டர் சுவிட்ச் போட்டதும் கையை முறுக்கும், சில வீடுகளில் எம்சிபி விழும். குதிரைத்திறன் கணக்கில் மயங்க வேண்டாம். அமெரிக்கச் சந்தையில் மூன்றேகால் குதிரைத்திறன் என்று விற்கப்படும் ரவுட்டர் 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் எடுக்கிறது. பெருக்கினால் 1,800 வாட். 746-ஆல் வகுத்தால் உள்ளே போவதே 2.4 குதிரைத்திறன்தான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்கா, கனடா இயந்திரங்கள் 120 வோல்ட். இங்கே நேராகச் செருகினால் சில விநாடிகளில் புகை வரும். ரவுட்டர் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் பெரிதில்லை, வோல்ட்தான் பிரச்சினை. மின்மாற்றி வைத்து ஓட்டலாம், ஆனால் 1,800 வாட்டுக்கு 3,000 விஏ மின்மாற்றி வேண்டும். தூக்கி நகர்த்த இரண்டு பேர் தேவைப்படும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பெரும்பாலான வளைகுடா நாடுகளின் இயந்திரங்கள் இங்கே பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும். சவூதியில் வாங்கினால் மட்டும் பெயர்ப்பலகையில் வோல்ட்டைப் படித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள், அங்கே இரண்டு வகையும் உண்டு. பிரிட்டனிலிருந்து வருவதில் ஒரு கண்ணி: அங்கே கட்டட வேலை இடங்களுக்கென்று மஞ்சள் பிளக்கோடு 110 வோல்ட் இயந்திரங்கள் விற்கிறார்கள், அதை எடுத்துவிடக் கூடாது.

பேட்டரி ரவுட்டர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏற்கெனவே 18 வோல்ட் பேட்டரிகள் கையில் இருப்பவர்களுக்கு கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரோடு வரும் ட்ரிம்மர் நல்ல வசதி. மைக்கா வேலைக்கு வயர் தொல்லை இல்லை. பேட்டரியையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் அந்தப் பணத்தை பிட்டில் போடுங்கள்.

பிட்டுக்குப் பணம் ஒதுக்காமல் ரவுட்டர் வாங்குவதில் பயனில்லை. பன்னிரண்டு, பதினைந்து பிட்கள் உள்ள மரப்பெட்டி மலிவாகத் தெரியும், அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். ஐந்து போதும்: 6 மி.மீ. நேர் பிட், 12 மி.மீ. நேர் பிட், பேரிங் உள்ள ஓரம் சீவும் பிட், 6 மி.மீ. ஆரமுள்ள உருட்டு பிட், 45 டிகிரி சாய்வு பிட். எல்லாம் கார்பைடு முனையாக இருக்கட்டும். தேக்கில் சிலிக்கா உண்டு, அது வெறும் ஸ்டீல் பிட்டின் கூர்மையை விரைவில் தின்றுவிடும். பிளைவுட்டின் பசை அடுக்கும் அப்படித்தான். பிட்டில் அந்த அடுக்கு படுகிற இடத்தில் மட்டும் கோடு கோடாக மழுங்கும். துளை எடுக்க முறுக்கு பிட் அருமையானது, தூளை மேலே தள்ளிக்கொண்டே வெட்டும். ஆனால் மேலே தள்ளுகிற அதே விசை பிட்டைக் காலெட்டிலிருந்து கீழே இழுக்கும். தேய்ந்த காலெட்டில் முறுக்கு பிட் மாட்டினால் 10 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய காடி மறுமுனையில் 12 மி.மீ. ஆகியிருக்கும். பிட்டை எடுத்துப் பாருங்கள். தண்டில் கருப்பு வளையமோ கீறலோ இருந்தால் நழுவியிருக்கிறது. அப்போது ஸ்பேனரை இன்னும் பலமாக முறுக்கிப் பயனில்லை. காலெட்டுக்குள் படிந்த பிசினைச் சின்னப் பித்தளை பிரஷ்ஷால் எடுங்கள், அதற்குப் பிறகும் நழுவினால் புதுக் காலெட்தான்.

வாங்கி வந்ததும் முதல் ஓட்டத்தில் நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, ஒரே மூச்சில் முழு ஆழத்தையும் எடுப்பது. ஒரு ஓட்டத்துக்கு பிட்டின் விட்டத்தில் பாதி ஆழம் போதும், 6 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ., 12 மி.மீ. பிட்டுக்கு 6 மி.மீ. இரண்டாவது, திசை. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. பலகையின் விளிம்பு உங்களைப் பார்த்திருந்தால் இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். பலகையைச் சுற்றி வரும்போது இடஞ்சுழியாக வரவேண்டும். நடுவில் வெட்டிய ஓட்டையின் உள்விளிம்பு என்றால் வலஞ்சுழி. மாற்றித் தள்ளினால் பிட் மரத்தில் ஏறி ஓடும், இயந்திரம் கையை விட்டு இழுத்துக்கொண்டு போகும். நான்கு பக்கமும் உருட்டுவதாக இருந்தால் நார் குறுக்கே வெட்டுப்படும் இரண்டு முனைகளை முதலில் ஓட்டுங்கள். மூலையில் சிலாம்பு பெயர்ந்தாலும் பிறகு நீளவாக்கில் ஓட்டும்போது அது வெட்டுப்பட்டுப் போகும்.

மூன்றாவது, கருகல். விளிம்பு கருப்பாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது என்று உடனே தூக்கி எறிகிறார்கள். மெதுவாகத் தள்ளினாலும் கருகும், நடுவில் நின்றாலும் கருகும். ஒரே இடத்தில் ஒரு விநாடி நின்ற பிட் வெட்டுவதை விட்டு உரசத் தொடங்கும். பிட்டில் பிசின் ஒட்டியிருந்தாலும் அதே கதிதான். முதலில் பிட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பேரிங் உள்ள பிட் என்றால் பேரிங்கைக் கழற்றிவிட்டு ஊறவையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். காய்ந்ததும் மாட்டி, ஒரு படி குறைந்த சுற்றில், நிற்காமல் தள்ளிப் பாருங்கள். அதற்கும் கருகினால்தான் கூர் போயிருக்கிறது.

எம்டிஎஃப் வெட்டும்போது வரும் தூள் மாவுபோல் நுண்மையானது, பசையும் கலந்தது. என்95 முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள். தூசி உறிஞ்சும் குழாய் மாட்ட வாய் இருக்கிற இயந்திரமாகப் பார்த்து எடுத்தால் பாதித் தொல்லை குறையும். கண்ணாடியும் காதடைப்பும் ரவுட்டரோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையுறை மூன்றும் சுற்றுகிற பிட்டுக்கு அருகில் வரக்கூடாது. பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

பில் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்குக் கார்பன் பிரஷ் கடையில் இருக்கிறதா? காலெட் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ‘வரவழைத்துத் தருகிறோம்’ என்று பதில் வந்தால் வேறு மாடல் பாருங்கள். இருக்கிறது என்றால் ஒரு ஜோடி கார்பனும் ஒரு காலெட்டும் அந்த பில்லிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள். கார்பன் 5, 6 மி.மீ.க்குத் தேய்ந்ததும் ஜோடியாக மாற்ற வேண்டும். மூடியைத் திறந்தால் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம் என்ற அமைப்பா, உடலையே பிரிக்க வேண்டுமா என்பதையும் அங்கேயே திருப்புளி கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள்.